உதறாதே

பேர்தான் வண்ணாரப்பேட்டை.
ஆஸ்பத்திரித் துணியை இப்போது வெளுப்பது
அறுபது கிலோ மெஷின்.
அதன் வாய்வரைக்கும் கொண்டு சேர்ப்பது
நானும் தேசம்மாவும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னதெல்லாம்
அதுவரை செய்ததற்கு நேர்மாறு.
உதறாதே.
மார்போடு அணைத்துத் தூக்காதே.
அழுக்கு உள்ளே போக, ஓரம் வெளியே நிற்க
பாய் சுருட்டுவதுபோல் சுருட்டு.

சிவப்புப் பையைத் திறக்கவே கூடாது.
பையோடு உள்ளே போகும்,
வெந்நீரில் பை கரையும்,
யார் வலி என்று நாங்கள் பாராமலே
வெளுத்து வரும்.
கையிருப்பு தீர்ந்த மாதத்தில்
பார்த்துத்தான் ஆகவேண்டும்.

போர்வைக்குள் பல்செட் வரும்,
பாதி கடித்த பன் வரும்,
ஒருமுறை அடகுக்கடைச் சீட்டு.
மூன்று மாடி ஏறி விசாரித்தேன்.
அந்தப் படுக்கையில்
வேறு ஆள் படுத்திருந்தார்.

ஆடி வெள்ளி, ராத்திரி இரண்டு மணி,
ஊசி வந்தது.
கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில்.
காசிமேட்டில் மீன்முள் குத்தினால் செய்வதுபோல்
தேசம்மா விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.
தட்டிவிட்டேன்.
சப்பாதே, பிழியாதே, குழாயைத் திற.
சோப்பு நுரையில் ஒரு சிவப்பு இழை
ஓடி, மங்கி, நின்றது.

யாருடைய ஊசி என்று டாக்டர் கேட்டார்.
பையில் வார்டு எண் இல்லை, தேதி இல்லை,
ஒரு முடிச்சு மட்டும்.
'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு
இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை தந்தார்.

மறுநாளே வந்துவிட்டாள்.
பதினோரு மார்க்கர் பேனா, சொந்தக் காசு,
வார்டுக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.
"எயுதிட்டு முடிச்சு போடுங்க சிஸ்டர்,
உங்க கைக்கு இன்னா ஆயிடப் போவுது?"
சொல்லிவிட்டு ஓடிப்போய்
மாடிப்படியோரம் வாந்தியெடுத்தாள்.
மாத்திரை அப்படி.

இன்று அவளுக்குப் பத்தொன்பதாம் நாள்.
வீட்டில் பிள்ளையின் விரிப்பெல்லாம் கடல்மணல்.
"உதறிப் போடும்மா, தூக்கம் வருது."
இரண்டு மூலையைப் பிடித்த கை
அப்படியே நிற்கிறது.
ஓரங்களை மடக்கி வாசலுக்குக் கொண்டுபோய்
மெதுவாகச் சாய்க்கிறேன்.
மணல்தான். வெறும் மணல்.

பிறகும் விரிப்பைத் தரையில் போட்டு
தெருவிளக்கு வெளிச்சத்தில்
ஒரு சாண் விடாமல் பார்க்கிறேன்.
சுவரில் சாய்ந்தபடியே
பிள்ளை தூங்கிவிட்டான்.