வாசலைவிட முக்கால் அங்குலம்

இது எப்படி உள்ளே வந்தது என்று
யாருக்கும் தெரியவில்லை.
மூன்று தடவை நாடா பிடித்தார் பூவலிங்கம்.
பிரிட்ஜ் முப்பத்தொன்றே கால்,
நிலைவாசல் முப்பதரை.
"ஒண்ணு இதை அறுக்கணும், இல்ல அதை இடிக்கணும்.
நீங்களே சொல்லுங்க"
சொல்லிவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனார்.

கீழக்கரையில் எங்கள் சமையல்கட்டு
ஐம்பத்தெட்டில் எழும்பியது.
வாப்பா கொழும்பில் கல் வியாபாரம்.
தலைமன்னாரில் ஏற்றி தனுஷ்கோடியில் இறக்கி
எப்படியோ இந்த வெள்ளை யானையைக் கொண்டுவந்தார்.
மண்ணெண்ணெய் பிரிட்ஜ்.
அடியில் விளக்கு எரியும், மேலே தண்ணீர் உறையும்.
புருணையில் இருக்கும் மகனுக்கு இதை விளக்கப் பார்த்துத்
தோற்றுப்போனேன்.

கேக் சுடும் பெட்டிக்கு சுருள் செத்து வருஷம் பத்து.
முதல் நாளே காயலான் கடைக்குப் போனது.
கண்ணாடிச் சாடி மிக்சி இன்னும் தேங்காய் அரைக்கிறது,
தெருமுனை வரை கேட்கும்.
அது இருக்கட்டும் என்றேன்.
அதைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை.

பேச்செல்லாம் பிரிட்ஜைப் பற்றித்தான்.
மகன் சொன்னான்: "சும்மா பெயின்ட் அடிங்கம்மா,
அதுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா?"
தங்கை சுல்பிகா மெட்ராஸிலிருந்து
லாரி வாடகை வரை விசாரித்துவிட்டாள்.
ஹாலில் நிறுத்திப் புத்தகம் அடுக்குவாளாம்.
கதவின் கைப்பிடி மட்டும் எதையும் மாற்றக்கூடாதாம்,
அந்த "டக்" சத்தம் அவளுக்கு வேணுமாம்.

இருவரும் ஒருநாள்கூட அதன் திரியை வெட்டியதில்லை.

வெட்டியது உம்மா.
மூத்தவள் நான் என்பதால்
அவர் கைநகத்தில் கரி இருந்தது எனக்கு ஞாபகம்.
எண்பத்தாறு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.
போனில் கத்தித்தான் கேட்டேன்: "வைக்கவா, கொடுக்கவா?"

"அதையா இன்னும் வச்சிருக்கே" என்றார்.
பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை.
லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீ ஓதப் போயிருந்தே. சுல்பி நாலு வயசு.
தட்டையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவி
வெயில்ல வச்சிருந்தேன்.
உள்ள போய் ஒளிஞ்சிட்டா.
அந்தக் கதவு வெளியிலதான் திறக்கும்.
அஸருக்கு பாங்கு சொல்லிட்டாங்க,
திரியைப் பார்க்கணுமேன்னு குனிஞ்சேன்.
தகரத்துக்குள்ள ஏதோ பிறாண்டுது.
எலின்னு நினைச்சேன்.
எலின்னுதான் நினைச்சேன்."

வாப்பாவுக்குச் சொல்லவில்லை.
யாருக்குமே சொல்லவில்லை.
அதற்குப் பிறகும் பதினோரு வருஷம்
பொழுது சாய்ந்தால் அதே திரியை வெட்டினார்.
இரவில் தட்டுகளை மூன்று முறை எண்ணிப்பார்ப்பார்,
நாங்கள் சிரிப்போம்.

"நீயும் சொல்லாதே. கதவைக் கழற்றிட்டுக் கொடு.
போற இடத்துலயும் பிள்ளைங்க இருக்கும்."

பூவலிங்கம் நிலையைப் பெயர்த்தார்.
காயலான் கடைக்காரர் தந்தது ஆயிரத்து நானூறு,
நிலையைத் திரும்பப் பூசச் செலவு ஏழாயிரம்.
இதைவிட மோசமான வியாபாரம்
எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை.
கதவு ஒரு வண்டியில், உடல் ஒரு வண்டியில்.
பிரிட்ஜ் நின்ற இடத்தில்
சதுரமாய் எண்ணெய்க் கறை.
டைல்ஸ்காரர் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டுக்
கல்லை ஒட்டிவிட்டார்.

சுல்பிகாவிடம் பொய்தான் சொன்னேன்.
உப்புக்காற்று அடித்தட்டைத் தின்றுவிட்டது,
தூக்கும்போதே உதிர்ந்துபோச்சு என்று.
நாலு நாள் பேசவில்லை அவள்.
ஐந்தாம் நாள் போன் வந்தது.
"கைப்பிடியையாவது எடுத்து வைச்சியா?"

எடுத்து வைத்திருந்தேன்.
புது மாடுலர் அலமாரியில்
மூன்றாவது இழுப்பறை, கத்திகளுக்கு அடியில்.
இல்லை என்றேன்.