எண்பத்தொன்பது

தொண்ணூறு எடுத்தால்
பாடத்துக்கு ஐந்நூறு.
சொன்னது நான்தான்,
வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த மிதப்பில்.
டிராக்டருக்கு மணிக்கு இவ்வளவு,
நடவுக்கு மாவுக்கு இவ்வளவு,
கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவென்று
ரசீது இல்லாமல் கொடுப்பது தனி.
எல்லாவற்றுக்கும் ஒரு ரேட் இருக்கையில்
படிப்புக்கு மட்டும் என்ன?
அவள் அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
“நாளைக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுக்கவும்
காசு கேப்பா, பாரு.”

சுடர்மதி சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டாள்:
“தொண்ணூறா, தொண்ணூத்தொண்ணா?”
“தொண்ணூறு வந்தாலே போதும்.”
பேரம் முடிந்தது.

காலாண்டில் நாலு பாடம் தாண்டினாள்.
இரண்டாயிரம்.
குறுவை எடை போட்டதும் தருகிறேன் என்றேன்.
உரக்கடைக்காரரிடம் சொன்ன அதே வாக்கியம்,
அதே குரல்.

ஐப்பசியில் விடாமல் பெய்தது.
கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது நாள்
தார்ப்பாய்க்குக் கீழே என் நெல்.
ஈரம் பார்க்கிற மெஷின் இருபத்தொன்று என்றது,
மறுநாள் இருபத்துமூன்று.
பதினேழுக்கு மேல் ஒரு புள்ளி என்றாலும்
எடுக்க முடியாதுண்ணே என்றான்
பில் போடுகிற பையன்.
சுடர் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்து
சீருடையோடு நெல்லைக் காலால் கிளறிவிட்டாள்.
ஓரத்தில் முளைவிட்டதை மட்டும் பொறுக்கி
எனக்குத் தெரியாமல்
ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள்.
எனக்குத் தெரிந்தது.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அவள் கையெழுத்து:
அப்பா பாக்கி 2000.
அதற்குக் கீழே வட்டி என்று எழுதி
அடித்திருந்தாள்.

அரையாண்டு மார்க் தை பிறக்குமுன் வந்தது.
தமிழ் எண்பத்தேழு.
ஆங்கிலம் எண்பத்தாறு.
அறிவியல், சமூகம் இரண்டும் எண்பத்தெட்டு.
கணக்கு எண்பத்தொன்பது.
கணக்கில்தான் அவ்வளவு துல்லியமாக நிற்க முடியும்.

ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார்.
“ஒரு மார்க் கேள்வி பதினாலு சார்.
மூணுதான் எழுதியிருக்கா.
மத்த பதினொண்ணையும் பென்சில்ல போட்டு
அழிச்சிருக்கா. தடம் தெரியுது.
அத்தனையும் சரி.
வீட்டுல ஏதும் பிரச்சனையா?”

இல்லை என்றேன்.

வெயிலில் காய்கிற நெல்லை வாயில் போட்டுக் கடித்து
பதினேழு வந்துவிட்டதா என்று
சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன் நான்.
இந்தப் பெண் எந்தச் சத்தத்தைக் கேட்டு
அந்த இடத்தில் பேனாவை மூடினாள்?

சாயங்காலம் வந்ததும்
பையை இறக்காமலே அவள்தான் தொடங்கினாள்.
“அப்பா, சம்பா எப்ப எடை போடுவாங்க?”
“ஏன்?”
“பப்ளிக் மார்ச்சுல வருது.
அதுக்குள்ள போட்டுருவாங்களா?”

போட்டுருவாங்க என்றேன்.
வேறு குரலில் சொல்லத்தான் பார்த்தேன்.
அதே குரல்தான் வந்தது.