கூட்டக் குறிப்பு

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள்.
திரையில் ஒரு கோடு:
மூன்றாம் வகுப்பு, வாசிப்பு.
ஏழு வருடமாக இறங்குகிறது,
பனிச்சரிவில் பலகையில் சறுக்கும் பிள்ளை மாதிரி
அவ்வளவு சுலபமாக.

கல்வி அதிகாரி ‘சவால்’ என்றார்.
எழுதிக்கொண்டேன்.
மக்காச்சோள விலை, வரி, கைபேசி, பெற்றோர்,
ஆளுக்கொரு குற்றவாளி.
எழுதிக்கொண்டேன்.

பஸ் ஓட்டும் டுவேன் ஹாவ்லிக் எழுந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
“வடக்குப் பள்ளிக்கூடத்தை மூடினீங்க.
ரெண்டு ரூட்டை ஒண்ணாக்கினீங்க.
க்ரோமர் வீட்டுப் பொண்ணு
அஞ்சே முக்காலுக்கு ஏறுது, கும்மிருட்டுல.
இங்க வந்து நான்தான் எழுப்பி விடுறேன்.
எழுந்ததும் கேக்குது,
இப்ப ஸ்கூலுக்கா, வீட்டுக்கா?”

மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தது.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

‘பொதுமக்களில் ஒருவர்
போக்குவரத்து குறித்துப் பேசினார்’
என்று எழுதினேன்.
அடித்தேன்.
கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

வடக்குப் பள்ளியை மூடிய தீர்மானமும்
இந்த நோட்டில்தான் இருக்கிறது,
நாற்பது பக்கம் முன்னால்,
என் கையெழுத்தில்,
ஒரு பிழையும் இல்லாமல்.