அந்தி ஒன்பது ஐம்பத்து நான்கு

குளிர்பெட்டிக் கதவில்
வானிலை நிலைய அட்டவணையைக்
காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்
சோமாஸ்கந்தக் குருக்கள்.
எட்மன்டனில்
மார்கழிப் பிரதோஷம் மூன்று மணிக்குள் தொடங்கிவிடும்.
வேலைக்குப் போனவர் யாரும் வந்து சேர்வதில்லை.
ஆடியில் அந்தி ஒன்பது ஐம்பத்து நான்கு.
கொட்டாவி விட்டபடி பிள்ளைகள்
நந்தியின் கொம்புக்கு நடுவே எட்டிப் பார்க்கும்.
சூரியனைக் கேட்டுத்தான் பூசை,
யாழ்ப்பாணத்துக் கடிகாரத்தைக் கேட்டா
என்பார் கேட்பவரிடம்.

ஆலகாலம் தொண்டையில் நின்ற வேளை அது.
அங்கே சட்டென்று இருட்டிவிடும்.
இங்கே
இரண்டு மணி நேரம்
விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை.

நாற்பத்தொரு வயதுக் கோயில்.
இந்த ஊர்க் கணக்கில் புராதனம்.
அதற்கு முன் லூதரன் சபை.
மேற்குச் சன்னலில் அவர்கள் விட்டுப்போன
நிறக்கண்ணாடி ஆட்டுக்குட்டியை
யாரும் கழற்றவில்லை.
"நந்தா விளக்குக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு
என்று கல்வெட்டில் வருமே,
நமக்கு அதில் ஒன்று வாய்த்திருக்கிறது"
என்று சிரிப்பார் பொருளாளர் தவநேசன்,
மின்கட்டணச் சீட்டை மடித்தபடி.

நான் பக்தன் இல்லை, பேருந்து ஓட்டுகிறவன்.
வடக்கே காடு எரிந்த வாரத்தில்
நாற்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன்.
பள்ளிக்கூட மண்டபங்கள் நிரம்பிவிட்டன.
எனக்குத் தெரிந்த இன்னொரு பெரிய கூரை
இதுதான்.

செருப்பைக் கழற்றச் சொன்னபோது
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு பையனுக்கு மட்டும்
கழற்றச் செருப்பு இல்லை.

மறுநாள் திரயோதசி.
மகாமண்டபம் முழுக்க மடக்குக் கட்டில்கள்.
நந்தியின் முதுகில் யாரோ
ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.
குருக்கள் அதை எடுத்து
நான்காக மடித்துக்
கட்டில் ஒன்றின் தலைமாட்டில் வைத்தார்.

அபிஷேகத்துக்கு வந்த பால் பன்னிரண்டு கலன்.
ஒரு சங்கு முகந்துகொண்டு
மீதியைக் குளிர்பெட்டிக்கு அனுப்பினார்.
கதவு திறக்கும்போதெல்லாம்
அட்டவணை படபடத்தது.

சூரியன் எங்கே என்று தெரியவில்லை.
புகைக்குள் எங்கோ
தேய்ந்த செப்புக்காசு.
நேரத்துக்குத் தாள்தான் சாட்சி.
ருத்திரம் பாதியில் அவருக்கு இருமல் வந்தது.
மந்திரம் நின்ற இடத்தில்
ஊர் முழுக்க இருமியது.

சோமசூத்திரப் பிரதட்சிணம்.
கட்டில்களுக்கு இடையே நெளிந்து நடந்தோம்.
கோமுகி வரை போவதும்
தாண்டாமல் திரும்புவதும்
மறுபடி போவதும்.
"ஏன் அங்கிருந்தே திரும்புகிறீர்கள்?"
டார்லீன் கேட்டாள், பையனின் தாய்.
எனக்கு நெடுஞ்சாலை தெரியும், ஆகமம் தெரியாது.
"அங்கே சாமி குளித்த தண்ணீர் போகிறது,
தாண்டக் கூடாது" என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"எங்களைத் தீ திருப்பியது" என்றாள்,
தண்ணீர் என்றால் தேவலையே என்பது போல.
அடுத்த சுற்றில்
அவளே தன் கட்டிலை ஒரு முழம் நகர்த்தி
வழிவிட்டாள்.

தீபாராதனைக்கு மணி ஒலித்தது.
தட்டில் கற்பூரம் வைத்த கை
தயங்கியதை நான் பார்த்தேன்.
ஐந்து கட்டிகளில் நான்கை எடுத்துவிட்டு
ஒன்றை மட்டும் ஏற்றினார்,
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு
கருவறை வாசலிலேயே நின்றார்.
வழக்கம்போல் கூட்டத்துக்குள் கொண்டுவரவில்லை.

பையன் தாயின் பின்னே ஒதுங்கினான்.
பிறகு எட்டிப் பார்த்தான்.
கண்ணாடி ஆட்டின் நீலம்
குருக்களின் கழுத்தில் விழுந்திருந்தது,
புகையிலும் எப்படியோ வந்துசேர்ந்த ஒளி.
வெறுங்காலோடு நான்கு எட்டு வைத்து
சூடு படும் தூரம் வரை வந்தான் பையன்.
அங்கேயே நின்றான்.

மணி ஒன்பது ஐம்பத்து நான்கு.
வெளியே
இன்னும் இருட்டவில்லை.