நாலுக்குப் பூஜ்யம்

பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கி
இடப்புறம் மூணாவது கடை.
நிஜாம் பாய் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் பிடிக்க
தலையை உள்ளே நுழைக்கிறேன்.
முதுகு மட்டும் மழையில் நிற்கிறது.

விளையாட்டுப் பத்திரிகை வேணும் பாய்.
பையனுக்கா?
பொண்ணு. நாளைக்குப் பன்னிரண்டு முடியுது.
அவர் கை ஒரு நொடி
கோலப் புத்தகத்தின் பக்கம் போய்த்
திரும்பி வருகிறது.

உங்க பொண்ணா?
ஆமாம் என்று சொல்வதில் எனக்குப்
பதினேழு நாள் அனுபவம்தான்.
ரெஜிஸ்டர் ஆபீசில் எஸ்தர் கையெழுத்துப் போட்டபோது
பெனினா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
இன்னும் என்னை எந்தச் சொல்லாலும் கூப்பிட்டதில்லை.
தண்ணீர் வேண்டுமென்றால்
"தண்ணி" என்று
குடத்தைப் பார்த்துச் சொல்வாள்.

பாய் நாலைப் பரப்புகிறார்.
முதலாவதின் அட்டையில் மட்டை தூக்கிய ஒரு கை,
வியர்வைகூட வழவழப்பாய் அச்சாகியிருக்கிறது.
நடுவில் மடித்த போஸ்டர் இலவசம்.
இரண்டாவது இங்கிலீஷ்.
வெளிநாட்டு லீக், எந்தக் காலுக்கு எத்தனை கோடி.
மூணாவது முழுக்கக் கேள்வி பதில்.
போட்டித் தேர்வுக்கு உதவும் சார், என்கிறார்.
நாலாவது செய்தித்தாள் மாதிரி மெல்லிசு,
பின் அடித்த இடத்தில் துரு.
அதை அவரே அடியில் தள்ளிவிடுகிறார்.

எனக்கு ஆட்டம் எதுவும் தெரியாது.
ஐ.சி.எஃப்-ல் பெட்டிகளுக்கு ஜன்னல் பொருத்துகிறவன்.
பந்து கண்ணாடியில் பட்டால் என்ன ஆகும்
என்பது வரைக்கும் தெரியும்.

எஸ்தருக்குப் போன் போடுகிறேன்.
எதை வாங்கட்டும், கேட்டுச் சொல்லு.
குக்கர் விசில், நாற்காலி இழுபடும் சத்தம்,
அப்புறம் தூரத்திலிருந்து அந்தக் குரல்,
எனக்கில்லை, அம்மாவுக்கு:
"தோத்தவங்க பேரு போட்டிருக்கா
பாக்கச் சொல்லு."

பார்க்கிறேன்.
முதலாவதில் தோற்றவர்கள்
கோப்பைக்குப் பின்னால் ஒரு மங்கலான பச்சை.
இரண்டாவதில் தோற்றதால்
ஒரு பயிற்சியாளருக்கு வேலை போயிருக்கிறது, அவ்வளவுதான்.
மூணாவதில் அவர்களைப் பற்றிக் கேள்வியே இல்லை.

நாலாவதின் கடைசிப் பக்கம்.
எறும்பு எழுத்து.
போன் வெளிச்சத்தில் படிக்கிறேன்:
பெண்கள், பதினான்கு வயதுக்குட்பட்டோர், கால்பந்து.
இந்த ஊர் அந்த ஊரை மூணுக்கு ஒன்று.
இரண்டு பக்கத்துப் பதினொரு பேரும்,
இறங்காமலே பெஞ்சில் இருந்தவர்களும்கூட,
ஒரே அளவு எழுத்தில்.
கோல்கீப்பர் முதலில்.

அப்போதுதான் உறைக்கிறது.
போன மாதம், வியாசர்பாடி மைதானம், காலிறுதி.
நாலுக்குப் பூஜ்யம் என்று எஸ்தர் போனில் சொன்னாள்.
ரிவெட் அடிக்கும் சத்தத்தில் பாதிதான் கேட்டது.
வலைக்கு முன்னால் நின்றது யாரென்று
நான் கேட்கவில்லை.

அவள் பெயர் இருக்கிறதா என்று
விரலால் ஓட்டிப் பார்க்கிறேன்.
இல்லை. வடசென்னையே இல்லை.

அது பழசு சார், போன மாசத்துது.
பழசே கொடுங்க பாய்.
போஸ்டர் உள்ளதையும் சேர்த்து எடுக்கிறேன்,
பிறந்தநாளுக்கு ஒரு பளபளப்பு இருக்கட்டுமே
என்ற பயத்தில்.

மறுநாள் சாயங்காலம்
நட்சத்திர வீரர் சோஷியல் நோட்டுக்கு அட்டையாகிவிட்டார்,
மட்டை தலைகீழாக, முகம் உள்மடிப்பில்.
பெனினா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு
பென்சிலோடு போகிறாள்,
கோல்கீப்பர் கோல்கீப்பராக.
தேனிப் பெண் ஒருத்தி ஏழு வாங்கியிருக்கிறாள்.
"ஏழு" என்கிறாள். சிரிக்கவில்லை.
அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு.

பிறகு, குடம் அதன் இடத்தில் இருக்க,
என் பக்கம் திரும்பி:
"இது மாசாமாசம் வருமா?"

வரும் என்கிறேன்.
வருமா என்று பாயிடம்
இன்னும் கேட்கவில்லை.