விலக்குச் சொற்கள்

பல் கட்டும் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
மூன்று கதிரை, நாலு பேர்.
ஷர்மிகா ஜன்னல் கட்டில் இருந்து லோகோ கீறுவாள்.
வாமதேவன் அண்ணை தொலைபேசியில்
"எங்கட டீம்" என்று தொடங்கும்போது
அந்த டீம்
மைக்ரோவேவுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

ஸ்கார்பரோவில் மைனஸ் இருபத்தாறு என்றால்
கிருபைராசாவுக்கு நல்ல நாள்.
பிளம்பர். எங்கள் மூன்றாவது பெரிய வாடிக்கையாளர்.
ஊர் உறையப்போகிற இரவுகளுக்கு
வெள்ளிக்கிழமையே நான் ஏலத்தை ஏற்றி வைப்பேன்:
'உறைந்த பைப்', ஒரு தொடுகைக்கு முப்பத்தெட்டு டொலர்.
'உறைந்த பைப் அவசரம்', நாற்பத்தொன்று.
அவசரம் என்ற சொல்லுக்கு
எங்கள் ஊரில் மூன்று டொலர்.

"இருபத்துநாலு மணி நேரமும் உங்கள் வாசலில்."
அது நான் எழுதிய வரி.
"தங்கச்சி, என்னட்டை ஒரு வான், ஒரு மச்சான்" என்றார் கிருபைராசா,
"மச்சானுக்கு முதுகும் சரியில்லை."
விளம்பரத்தில் எழுத்துக்குக் கணக்கு உண்டு.
'மச்சானுக்கு முதுகு சரியென்றால்'
அதற்குள் அடங்கவில்லை.

திங்கள் காலை அறிக்கை வரும்.
சனம் தேடுபெட்டிக்குள் என்னத்தைத்தான் எழுதுவதில்லை.
'வீட்டுக்காரன் போன் எடுக்கிறான் இல்லை தண்ணி இல்லை'
'பைப் வெடிச்சால் வாடகை கட்ட வேணுமோ'
'பனியை உருக்கிப் பிள்ளைக்குப் பால் கரைக்கலாமா'
எந்த வரியிலும் நின்றுவிடக் கூடாது.
காசு வராத சொல்லைப் பிடித்து
விலக்குப் பட்டியலில் போடுவது என் வேலை:
இலவசம். நானே. எப்படி. வாடகை. தவணை. நாளைக்கு.
பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் எழுதப் புள்ளி தந்தார்கள்,
இங்கே சம்பளம்.
ஐந்து வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் சேர்ந்துவிட்டது.
அந்தச் சொற்களோடு வருகிறவர்களுக்கு
கிருபைராசா என்று ஒருவர் இந்த ஊரில் இல்லை.

போன சனி, இரவு இரண்டரை.
மால்வேர்னில் என் பேஸ்மென்ட் குசினியில்
குழாய் ஒருக்கால் செருமிவிட்டு நின்றது.
கட்டைவிரலால் எழுதினேன்.
ஒரு சொல்லும் தொழில் சொல்லாய் வரவில்லை:
'பைப் உறைஞ்சு போச்சு நான் என்ன செய்ய'
முதலாவதாய் வந்தது என் வரி.
உங்கள் வாசலில்.
வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.
சத்தியமாய்,
பார்த்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது.
தொட்டால் அந்த மனுசனுக்கு நாற்பத்தொரு டொலர்.
விரலைத் தூக்கிப் பிடித்தபடி
சூடான இரும்பைக் கடப்பதுபோல
என் விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போனேன்.
கீழேயும் விளம்பரம்தான்.

போன கிழமை அறிக்கையில் யாரோ கேட்டிருந்த
தலைமயிர் உலர்த்தி ஞாபகம் வந்தது.
தொட்டிக்குக் கீழே, சவர்க்காரப் போத்தல்களுக்கு நடுவில்
காலை மடக்கிப் படுத்து
பைப்பின் முழங்கைக்குச் சூடு பிடித்தேன்.
மூன்று மணி தாண்டித் தண்ணீர் வந்தது,
முதலில் தேத்தண்ணி நிறத்தில்.

திங்கள் அறிக்கையில் பதினேழாவது வரி நான்.
காட்டியது: ஒருமுறை.
தொட்டது: இல்லை.
வாமதேவன் அண்ணை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"காசு வராத கேஸ். தூக்கு."
"எந்தச் சொல்லை, அண்ணை?"
கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.
இன்னொருக்கால் வாசித்தார்.
கீழே பல் அராவும் சத்தம்.
"அதை விடு" என்றார்,
"கிருபையின்ர மச்சானுக்கு இப்ப எப்பிடியாம்?"

பதினெட்டாவது வரி:
'உலர்த்தி எத்தனை நிமிஷம் பிடிக்கிறது'
அரை மணித்தியாலம் என்று
திரைக்கு மெல்லச் சொல்லிவிட்டு
'உலர்த்தி'யைப் பட்டியலில் சேர்த்தேன்.