மினிமம் முப்பது

மீட்டர் என்றால் எனக்குத் துணி.
கால் மீட்டர் லைனிங் கேட்டாலும்
முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுப்பேன்.
பம்புக்காரன் போனில் சொன்னான்:
"மினிமம் முப்பது கன மீட்டர், அக்கா.
பதினெட்டாயிரம்.
அதுக்குக் கீழ போட்டாலும் அதே பதினெட்டாயிரம்."

என் மாடித் தளம் இருபத்தொன்று.
எஞ்சினியர் வில்பிரட் இரண்டு தடவை கூட்டினார்.
இரண்டாம் தடவையும் இருபத்தொன்றே.

பாக்கி ஒன்பதுக்கு ஐயாயிரத்து நானூறு.
குழாய்க்குள் ஓடாத ஒன்பது.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் வகுத்துப் பார்த்தேன்:
முப்பத்தாறு பிளவுஸ்,
லைனிங் இல்லாதது.

"சட்டி சுமக்க ஆளை விளியேன்" என்றான் தம்பி.
விளித்தேன்.
பதினெட்டு பேர், ஆளுக்குத் தொள்ளாயிரம்,
மிக்சர் வாடகை தனி,
இரண்டு நேரம் சாயா, பழம்பொரி.
கூட்டுத்தொகை பம்பைத் தாண்டிப் போய் நின்றது.
மேற்கே மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் பம்புக்காரனே கூப்பிட்டான்.
"உங்க பக்கத்துல இன்னொரு அம்மாவும் கேட்டிருக்காங்க.
அதே வியாழக்கிழமை. ஒம்பது கன மீட்டர்.
விலாசினின்னு பேரு."

விலாசினி.
இடவழிக்கு அந்தப் பக்கம்.
எல்லைக்கல் அவள் மதிலோடு ஒட்டி நிற்கிறது.
அவள் ரேஷன் கேரளத்தில், என்னுடையது தமிழ்நாட்டில்.
என் ஓட்டிலிருந்து விழும் மழைவெள்ளத்துக்கு
எந்த மாநிலத்து ரேஷன் என்பதுதான் எங்கள் வழக்கு.
ஆறு வருஷம்.
கல்யாணப் பத்திரிகையைக்கூட ஆள்விட்டே கொடுத்தனுப்பினாள்.

இருபத்தொன்றும் ஒன்பதும் முப்பது.
இத்தனை வருஷத் தையலில்
நூல் மிச்சமில்லாமல் இப்படி ஒரு துணி பொருந்தியதில்லை.
எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சாயங்காலம் அவள் இடவழியில் நின்று
வில்பிரடிடம் பேசினாள், எனக்குக் கேட்கிற சத்தத்தில்:
"ஒம்பதுக்குள்ள பைசா ஞான் தரும்.
காத்துக்குப் பைசா தரத்தில்லா."
நானும் வில்பிரடிடமே சொன்னேன்:
"காத்து எனக்கும் வேண்டாம்."

வியாழன் காலை ஆறரைக்கு
என் முற்றத்தில் கால் நான்கையும் ஊன்றி
மடித்த கையை விரித்தது வண்டி.
தென்னை மண்டைக்கு மேலே, கரண்ட் கம்பிக்கு எட்டி,
முதலில் இரண்டு மூட்டை சிமென்ட் பாலைக் குடித்தது.
அதுவும் என் கணக்கு.
பத்து இருபதுக்கு என் தளம் முடிந்தது.
கை அப்படியே திரும்பி எல்லைக்கல்லைக் கடந்து
அவள் சென்டரிங் பலகைக்கு மேல் போய்த் தொங்கியது,
சொட்டுக்கூட இல்லாமல்.

அவள் லோடு நெய்யாற்றின்கரையிலிருந்து வரவேண்டும்.
பாறசாலை ரயில்வே கேட்டில் நிற்கிறதாம்.

முதல் அரைமணி சும்மா.
அப்புறம் மணிக்கு இரண்டாயிரம்.
ஒரு மணி பத்து நிமிஷம் என்றாலும் இரண்டு மணிதான்,
அதிலும் மினிமம் உண்டு.

ஆபரேட்டர் கைலாஷ் நிழலில் போய்ப் படுத்தான்.
அவள் போன் செய்துகொண்டே நடந்தாள்.
நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
இடவழி ஆறடிதான், எத்தனை முறை ஒதுங்குவது?
"கேட்டு அடைச்சது ஞானல்ல" என்றாள்,
ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்.
"எனக்க தளம் பத்து இருபதுக்குத் தீந்தாச்சு" என்றேன்.
இரண்டு பேரும் சொன்னது உண்மை.
நாலாயிரம் ஏறிவிட்டது.

பன்னிரண்டுக்கு லாரி வந்தது. போட்டார்கள். முடிந்தது.
வாயில் அரைத்தொட்டி மிச்சம்.
எங்கே கொட்ட என்று கைலாஷ் கைகாட்டிக் கேட்டான்.
நான் அவள் பக்கம் நீட்டினேன், அவள் என் பக்கம்.
இரண்டு பாஷையும் தெரியாதவன்
இடவழி நடுவில் கொட்டிவிட்டுக் குழாயைக் கழுவினான்.

ஒன்பதுக்கு ஐயாயிரத்து நானூறு
அன்றைக்கே வந்தது, மகன் கையில், எண்ணி.
நாலாயிரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
பில் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்,
பெயர் எழுதாமல்.

கொட்டியது இறுகிப்போய்க் கிடக்கிறது.
விடியற்காலையில் பால்காரன் பைக் அதில் ஏறி இறங்கும்போது
கேன் அதிர்கிற சத்தத்தில்
அவள் வீட்டு விளக்கும் எரிகிறது,
என் வீட்டு விளக்கும் எரிகிறது.